பேச்சுப்பெட்டியும் இல்லத்தமிழும் – ஓர் ஒப்பாய்வு

முன்னுரை

மனிதன் தனக்கு ஏவல் செய்யும் பொறியை நெடுங்காலமாகவே எண்ணிப் பார்த்து வந்துள்ளான். பெருங்கதையில் எந்திர யானை வருகிறது. சீவக சிந்தாமணியில் வானிற் பறக்கும் மயிற்பொறி வருகிறது. கி.பி. 1206இல் தம் நூலை நிறைவு செய்த அல்ஜஸரீ என்னும் முஸ்லிம் பொறியியலறிஞர், கைகழுவ நீர் வார்த்துத் துவாலையும் நீட்டும் பாவைகளை அமைக்கும் முறையை அந்நூலுள் விளக்கியுள்ளார். ஆயினும் இப்பொறிகளுள் எதுவும் வீட்டார் பேச்சைக் கேட்டதில்லை. கேட்கும் பொறி நம் காலத்தது. ‘ஸ்மார்ட் ஸ்பீக்கர்’ என வழங்கும் அக்கருவியை இக்கட்டுரையில் ‘பேச்சுப்பெட்டி’ என்போம். அதனுள் நின்று விடை கூறும் மென்பொருளைக் ‘குரல்வழி உதவியாளர்’ என்போம்.

இன்று திருமணப் பரிசாகவும், புதுமனை புகுவிழாப் பரிசாகவும், வளைகுடாவினின்று விடுமுறையில் வருவோரின் பெட்டியிலுள்ள பொருளாகவும் இது நம் இல்லங்களுக்குள் வந்து சேர்கிறது. எதனை வாங்கலாம் என்று கேட்போர்க்குக் கடைக்காரர் ஒலியின் இனிமையையும், விலையையும், வண்ணத்தையும் ஒப்பிட்டுக் காட்டுவர். இவை வேண்டாதன அல்ல. எனினும் ஒரு தமிழ் இல்லத்திற்கு, அதிலும் சூலக்கரை போன்ற ஊரின் எளிய இல்லத்திற்கு, இவற்றினும் முற்பட்ட வினாக்கள் உள. அப்பெட்டி வீட்டார் அனைவரின் பேச்சையும் அறியுமா? கேட்டதை என் செய்யும்? அது சொல்லும் நேரத்தை நம்பலாமா? பிள்ளைகளின் கையில் அதனை விடலாமா? இந்நான்கு வினாக்களை அளவுகோலாகக் கொண்டு, நம் நாட்டில் விற்கப்பெற்ற மூவகைப் பேச்சுப்பெட்டிகளை ஒப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாறும் செயற்பாடும்

பேச்சை அறியும் எந்திரத்தின் வரலாறு எண்களிலிருந்து தொடங்குகிறது. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் அமைத்த ‘ஆட்ரி’ என்னும் பொறி, ஒருவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லும் எண்களை மட்டுமே அறிந்தது. 1962இல் ஐ.பி.எம். நிறுவனத்தார் காட்சிக்கு வைத்த ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்களை அறிந்தது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 2011இல் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசியில் ‘சிரி’ என்னும் உதவியாளரை அமைத்தது. 2014 நவம்பரில் அமேசான் நிறுவனம் ‘எக்கோ’ என்னும் பெட்டியையும், அதனுள் ‘அலெக்ஸா’ என்னும் உதவியாளரையும் அமெரிக்காவில் அறிமுகம் செய்தது. 2016இல் கூகுள் நிறுவனத்தின் ‘ஹோம்’ பெட்டியும், 2018இல் ஆப்பிளின் ‘ஹோம்பாட்’ பெட்டியும் வெளிவந்தன. இந்தியாவிற்கு எக்கோ 2017 அக்டோபரிலும், கூகுள் ஹோம் 2018 ஏப்ரலிலும், ஹோம்பாட் 2020இலும் வந்து சேர்ந்தன.

பெட்டி வேறு வேறாயினும் செயற்பாடு ஒன்றே. அதனை நான்கு படிகளாகப் பகுத்து அறியலாம். முதலாவது, விழிப்புச்சொல் அறிதல். ‘அலெக்ஸா’ என்றோ, ‘ஓகே கூகுள்’ என்றோ, ‘சிரி’ என்றோ அழைக்கும் வரை பெட்டி அச்சொல் ஒன்றற்காகவே செவி திறந்திருக்கும். இப்பணி பெட்டிக்குள்ளேயே நடைபெறும். இரண்டாவது, பேச்சறிதல். விழிப்புச்சொல்லைக் கேட்டபின் நாம் பேசும் ஒலி பெரும்பாலும் இணையத்தின் வழியே நிறுவனத்தின் கணிப்பொறிகளுக்குச் சென்று, அங்கே எழுத்தாக மாறும். மூன்றாவது, பொருளறிதல். அவ்வெழுத்துத் தொடர் பாட்டைக் கேட்கிறதா, மழையைக் கேட்கிறதா, விளக்கை அணைக்கச் சொல்கிறதா என்பது ஆராயப்படும். நான்காவது, பேச்சாக்கம். விடை மீண்டும் ஒலியாகி நம் செவிக்கு வரும்.

தொல்காப்பியர் எழுத்ததிகாரத்துப் பிறப்பியலில், உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் இயக்கத்தால் வேறு வேறு எழுத்தாகப் பிறக்கும் என்று வகுத்துரைத்தார். எந்திரத்திற்கு மிடறும் இல்லை, நாவும் இல்லை. அது பல்லாயிரம் பேர் பேசிப் பதிவு செய்த ஒலிகளைக் கொண்டே எழுத்தை அறிகிறது. எம்மொழியார் மிகுதியாகப் பேசிப் பதிந்துள்ளனரோ அம்மொழியை நன்கறியும்; எம்மொழியின் எவ்வழக்கு பதிவாகவில்லையோ அவ்வழக்கின் முன் தடுமாறும். இவ்வுண்மையை மனங்கொண்டு முதல் அளவுகோலுக்குச் செல்வோம்.

முதல் அளவுகோல்: வீட்டார் மொழி

மொழி வகையில் இம்மூன்றன் நிலையும் வருமாறு. எக்கோ இந்தியாவிற்கு வந்தபோது ஆங்கிலம் மட்டுமே அறிந்திருந்தது. 2019 செப்டம்பரில் இந்தி சேர்ந்தது. கூகுள் பெட்டியும் ஆங்கிலத்தோடு இந்தியைச் சேர்த்துக்கொண்டது. இவ்விரண்டும் தமிழ்ப்பாடலை இசைக்கும். தமிழ்த் திரைப்படத்தின் பெயரை ஆங்கிலத் தொடரின் நடுவே சொன்னாலும் பலவேளை அறிந்துகொள்ளும். ஆனால் ஏவலைத் தொடக்கம் முதல் இறுதி வரை தமிழிற் கேட்டுத் தமிழிலேயே விடை கூறும் தகுதி அப்பெட்டிகளுக்கு ஆங்கிலம், இந்திக்கு நிகராக வழங்கப்பெறவில்லை. ஆப்பிளின் சிரி, 2024இல் வந்த 18ஆம் பதிப்பு மென்பொருள் முதல் ஐபோனில், இந்திய ஆங்கிலத்தோடு தமிழ் உள்ளிட்ட ஒன்பது மொழிகளைக் கலந்து பேசினால் அறியும் திறம் பெற்றுள்ளது.

கைப்பேசியின் நிலையோ வேறு. கூகுள் தன் உதவியாளரைக் கைப்பேசியில் தமிழிலும் பேசச் செய்து ஆண்டுகள் பல ஆயின. 2024 ஜூனில் ‘ஜெமினி’ செயலி தமிழ் உள்ளிட்ட ஒன்பது இந்திய மொழிகளோடு நம் நாட்டில் வெளியிடப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அதனோடு வாய்மொழியாக உரையாடும் வசதி தமிழுக்கும் அறிவிக்கப்பட்டது. ஆகவே, வீட்டிற்கென்று விலைகொடுத்து வாங்கும் பெட்டியைக் காட்டிலும், சட்டைப்பையில் ஏற்கெனவே உள்ள கைப்பேசியே தமிழ் மிகுதியாக அறிந்துள்ளது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இதன் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். சூலக்கரையில் ஓர் இல்லத்தை எண்ணிக்கொள்வோம். தந்தை விருதுநகர்ச் சந்தையில் பருப்பு, வத்தல் வாணிகம் செய்பவர். தாய் இல்லத்தரசி. பாட்டி முழங்கால் வலியால் நடமாட இயலாதவர். பிள்ளைகள் இருவர் ஆங்கிலவழிப் பள்ளியில் பயில்வோர். இவ்வீட்டுக் கூடத்தில் ஆங்கிலம் மட்டும் அறிந்த பெட்டியை வைத்தால் அதனை ஆள்வோர் யார்? பிள்ளைகள் இருவரே. எழுந்து சென்று மின்விளக்கின் விசையை அழுத்த இயலாத பாட்டிக்கே குரலால் இயங்கும் கருவி பெரிதும் வேண்டும்; ஆனால் அவரோ பேரனை அழைத்து, “அதுகிட்ட விளக்கை அணைக்கச் சொல்லுப்பா” என்று வேண்டி நிற்க வேண்டிவரும். வீட்டின் மூத்தவரைத் தம் வீட்டிலேயே மொழிபெயர்ப்பாளரை நாடச் செய்யும் கருவி, எத்துணை இனிமையாகப் பாடினும், அவ்வீட்டிற்குப் பொருந்திய கருவி ஆகாது.

பிள்ளைகளுக்கும் இழப்பு உண்டு. கருவிக்குப் புரியவேண்டும் என்பதற்காக அவர்கள் தமிழ்ப்பெயர்களை ஆங்கில ஒலியில் நெளித்துச் சொல்லப் பழகுகின்றனர். வாலை, வாளை, வாழை என மூன்றாக வேறுபடும் சொற்கள் அந்நெளிப்பில் ஒன்றாகிவிடும். நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொண்டால், சூலக்கரை ஆங்கில எழுத்தில் ஒரு நெறியின்றிப் பலவாறு எழுதப்படுகிறது. லகர, ளகர, ழகர வேறுபாட்டைக் காட்டும் ஆற்றல் அவ்வெழுத்திற்கு இல்லை. ஆங்கிலச் செவி கொண்ட பெட்டி சூலத்தையும் சூளையையும் சூழலையும் ஒன்றாகவே கேட்கும்.

தமிழைத் தமிழாகவே கேட்கும் கருவிக்கும் ஓர் இடர் உண்டு. அது நம் மொழியின் இரட்டை வழக்கு. மொழியியலறிஞர் சார்லஸ் பெர்குசன் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் மொழிகளுக்கு அரபு, கிரேக்கம் முதலிய நான்கனைச் சான்றாகக் காட்டினார். தமிழும் அவ்வியல்புடையதே. ‘பதினைந்து’ என்று எழுதுகிறோம். ‘பதினஞ்சு’ என்று பேசுகிறோம். ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பது நாவில் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ ஆகிறது. செய்தி வாசிப்போர் தமிழை மட்டும் கேட்டுப் பயின்ற எந்திரம், அடுக்களைத் தமிழைக் கேட்டுத் திகைக்கும். முஸ்லிம் இல்லங்களில் வழங்கும் அத்தா, வாப்பா, பாங்கு, ஒளு, சஹர், நோன்புக்கஞ்சி போன்ற சொற்களும் அவ்வாறே பதிவுகளில் அருகியே காணப்படும்.

இவ்விடத்தில் நம் முன்னோர் செய்த ஒரு செயலை நினைவுகூர்தல் தகும். தமிழ் முஸ்லிம்கள் அரபு எழுத்தில் தமிழை எழுத முற்பட்டபோது, தமிழின் ழகரம், ளகரம், ணகரம், டகரம், பகரம் முதலிய ஒலிகளுக்கு அரபு நெடுங்கணக்கில் எழுத்தில்லை என்பதைக் கண்டனர். அதற்காக அவர்கள் தம் நாவை மாற்றிக்கொள்ளவில்லை. இருந்த அரபு எழுத்துகளிற் புள்ளியும் குறியும் சேர்த்துப் புதிய எழுத்துகளைப் படைத்துக்கொண்டனர். அவ்வாறு பிறந்ததே அரபுத்தமிழ். அவ்வெழுத்தில் நூற்றுக்கணக்கான நூல்கள் எழுதப்பெற்றன. கருவியை நாவுக்கு இசைவிப்பதா, நாவைக் கருவிக்கு இசைவிப்பதா என்னும் வினாவிற்கு அவர்கள் அன்றே விடை கண்டுவிட்டனர் எனலாம். பேச்சுப்பெட்டியை வாங்குவோரும் அவ்விடையையே அளவுகோலாகக் கொள்ளவேண்டும்.

இரண்டாம் அளவுகோல்: செவியும் மறையும்

பழங்காலத் தமிழில்லங்களில் கிளியையும் பூவையையும் வளர்த்தனர். தலைவி கிளியோடு பேசுவது அகப்பாடல்களில் மிகுதி. கிளியைத் தூதுவிடும் மரபில் ‘அழகர் கிள்ளைவிடு தூது’ என்னும் சிற்றிலக்கியமே எழுந்தது. கேட்டதைத் திருப்பிச் சொல்வது கிளியின் இயல்பு. பிறர் முன்னிலையில் அது எதைச் சொல்லுமோ என்னும் அச்சமும் கிளி வளர்த்தோர்க்கு உண்டு. பேச்சுப்பெட்டியும் கேட்டதைக் கொண்டுசெல்லும் கிளியே. கிளி கேட்டது கூட்டைச் சுற்றியே உலவியது. பெட்டி கேட்டதோ கடல் கடந்து செல்கிறது.

நடந்த நிகழ்ச்சிகள் சில காண்போம். 2018 மே மாதம், அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஒரு குடும்பத்தாரின் வீட்டுப் பேச்சை எக்கோ பெட்டி பதிவு செய்து, அவர்தம் தொடர்பிலிருந்த வேறொருவருக்கு அனுப்பிவிட்டது வெளிப்பட்டது. பின்னணிப் பேச்சைத் தொடர்ந்து பல ஏவல்களாகப் பெட்டி பிழைபடக் கேட்டதே காரணம் என்று நிறுவனம் விளக்கியது. 2019 ஏப்ரலில், அலெக்ஸாவின் பதிவுகளுட் சிலவற்றை ஊழியர்கள் கேட்டு எழுதுகின்றனர் என்னும் செய்தி வெளிவந்தது. அவ்வாண்டு ஜூலையில் பெல்ஜியம் நாட்டு வி.ஆர்.டி. ஒலிபரப்பு நிறுவனம், கூகுள் உதவியாளரின் ஆயிரத்துக்கு மேற்பட்ட பதிவுகளைக் கேட்டு, அவற்றுள் 153 பதிவுகள் விழிப்புச்சொல் இன்றியே பதிவானவை என்று கண்டது. ஆப்பிளின் சிரி பதிவுகளையும் ஒப்பந்த ஊழியர்கள் கேட்டமை அதே மாதத்தில் தெரியவந்தது. அது தொடர்பான வழக்கை முடிக்க ஆப்பிள் 9.5 கோடி டாலர் தர இசைந்தது 2025 ஜனவரியில் வெளியாயிற்று. குழந்தைகளின் குரற்பதிவுகளை நீக்காது வைத்திருந்ததன் பொருட்டு அமேசான் 2.5 கோடி டாலர் தண்டத் தொகை செலுத்த 2023இல் அமெரிக்க அரசின் வழக்கில் இசைந்தது.

மூன்று நிறுவனங்களும் இதன்பின் சில காப்புகளைச் செய்தன. ஆப்பிள், பயன்படுத்துவோர் இசைந்தாலன்றிப் பதிவை ஊழியர் கேளாவகை 2019 இறுதியில் மாற்றியது. கூகுள், ஒலிப்பதிவைச் சேமிப்பது பயன்படுத்துவோர் விருப்பப்படியே என்று ஆக்கியது. அமேசான், பதிவுகளைக் கண்டு நீக்கும் வழியைத் தன் செயலியில் அமைத்துள்ளது. எனினும் அமெரிக்காவில் சில எக்கோ கருவிகளில் இருந்த, குரலை வெளியே அனுப்பாமல் பெட்டிக்குள்ளேயே ஆராயும் தெரிவை 2025 மார்ச் 28 முதல் நிறுத்திவிட்டது. பெட்டியின் செவியை அடைக்கும் முறையிலும் வேற்றுமை உண்டு. எக்கோவில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒலிவாங்கி நின்று செந்நிற ஒளி தோன்றும். கூகுள் பெட்டியில் அதற்கெனத் தனி விசை உண்டு. ஹோம்பாடில் அத்தகு விசை இல்லை. வாய்ச்சொல்லாலோ செயலியாலோ நிறுத்தவேண்டும். கண்ணால் கண்டு தெளியத்தக்க விசையே பெரியோர்க்கும் சிறியோர்க்கும் ஏற்றது என்பது நம் கருத்து.

இதனை வெறும் தொழில்நுட்பச் செய்தியாகக் கருதலாகாது. திருக்குர்ஆன் 24ஆம் அத்தியாயமாகிய அந்நூர், பிறர் இல்லத்துள் நுழையுமுன் அனுமதி பெறுக என்றும், 49ஆம் அத்தியாயமாகிய அல்ஹுஜுராத், பிறர் மறைவைத் துருவாதீர் என்றும் நெறிப்படுத்துகின்றன. ஓர் அவையில் பேசப்பட்டது அமானிதம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. இந்நெறியில் வளர்ந்தோர் மேலும் ஒரு படி சென்று எண்ணவேண்டும். பெட்டியை வாங்கியவர் அதன் விதிகளுக்கு இசைவு தந்திருக்கலாம். ஆனால் பெண் கேட்டு வந்த உறவினரும், கடன் கேட்டு வந்த அண்டைவீட்டாரும், மனக்குறையைச் சொல்லி அழ வந்த சகோதரியும் அவ்விசைவைத் தரவில்லை. அவர்தம் பேச்சு நம்மிடம் அமானிதம். ஆதலின் விருந்தினர் அமரும் கூடத்தில் பெட்டி இருக்குமாயின் அதனை அவர்க்கு உணர்த்துவதும், தனிப்பேச்சு நிகழ்கையில் அதன் செவியை அடைப்பதும் நம் கடன். படுக்கையறையில் இதற்கு இடமளிக்காமல் இருப்பது நலம். நம் நாட்டில் 2023இல் நிறைவேறிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பெறுமுன் இசைவு பெறவேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. சட்டம் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். வீட்டாரின் பண்பாடே விருந்தினரைக் காக்கும்.

மூன்றாம் அளவுகோல்: நேரமும் வணக்கமும்

முஸ்லிம் இல்லங்களில் இப்பெட்டியைப் பாங்கொலிக்கும், தொழுகை நேரம் அறியவும், குர்ஆன் ஓதலைக் கேட்கவும் பயன்படுத்துவோர் பலர். ஓதலைக் கேட்பதில் இடரில்லை. நேரத்தில்தான் நுட்பம் உண்டு.

அஸர் தொழுகையின் தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம். ஷாஃபிஈ மத்ஹபின்படி, நண்பகல் நிழலை நீக்கிப் பொருளின் நிழல் அப்பொருளின் அளவாகும்போது அஸர் தொடங்கும். ஹனஃபீ மத்ஹபில் பெரிதும் பின்பற்றப்படும் கருத்தின்படி, நிழல் இருமடங்காகும்போது தொடங்கும். விருதுநகர் அமைந்த அகலக்கோட்டில் இவ்விரண்டிற்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு ஏற்படும். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழியினரும், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீ வழியினரும் மிகுதியாக வாழ்கின்றனர். பெட்டிக்கு இவ்வேறுபாட்டை நாம் சொல்லி வைத்தாலன்றித் தெரியாது.

சுபுஹு நேரமும் அத்தகையதே. அடிவானத்தின் கீழ்க் கதிரவன் எத்தனை பாகையில் நிற்கும்போது வைகறை புலரும் என்பதில் கணக்கீட்டு முறைகள் வேறுபடுகின்றன. கராச்சி முறை 18 பாகை என்றும், வட அமெரிக்க முறை 15 பாகை என்றும் கொள்ளும். இம்மூன்று பாகை நம் ஊரில் ஏறத்தாழ 12 நிமிடமாகும். நோன்பாளிக்கு சஹரின் இறுதியில் 12 நிமிடம் சிறிதன்று.

மேலும் ஒன்று. பெட்டியில் முகவரியைச் சென்னை என்று பதிந்து வைத்தோர் உளர். சென்னைக்கும் விருதுநகருக்கும் நெட்டாங்கில் இரண்டு பாகைக்கு மேல் வேற்றுமை உண்டு. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்னும் கணக்கில், நண்பகலே ஏறத்தாழ 9 நிமிடம் மாறும். கிழக்கே உள்ள சென்னையில் கதிரவன் முன்னரே மறையும். அந்நகரின் நேரத்தைக் கேட்டு இங்கே நோன்பு திறந்தால், கதிரவன் மறையுமுன்னரே திறந்தவராவோம். ஆகவே எந்நிறுவனத்தின் பெட்டியாயினும், ஊர், கணக்கீட்டு முறை, மத்ஹபு ஆகிய மூன்றனையும் சரிபார்த்தபின், அது கூறும் நேரத்தை நம் பள்ளிவாசலின் அட்டவணையோடு ஒப்புநோக்குக. இரண்டும் மாறுபடின் அட்டவணையே நமக்கு வழிகாட்டி.

நான்காம் அளவுகோல்: சிறுவரும் முதியோரும்

2024 ஏப்ரலில் உத்தரப்பிரதேச மாநிலம் பஸ்தி நகரில், வீட்டினுள் புகுந்த குரங்குகளை விரட்ட 13 வயதுச் சிறுமி ஒருத்தி, நாயைப்போல் குரைக்குமாறு அலெக்ஸாவிற்கு ஆணையிட்டுத் தன்னையும் உடனிருந்த குழந்தையையும் காத்துக்கொண்டாள். நாடே அவளைப் பாராட்டியது. 2021 டிசம்பரில் அமெரிக்காவில், ஏதேனும் ஒரு சவால் சொல் என்று கேட்ட 10 வயதுச் சிறுமிக்கு, மின்செருகியின் வெளித்தெரியும் முனைகளில் நாணயத்தால் தொடுமாறு அதே உதவியாளர் கூறியது. உடனிருந்த தாயால் தீங்கு நேரவில்லை; நிறுவனமும் பிழையைத் திருத்தியது. முன்னதில் அறிவு சிறுமியினுடையது. பின்னதில் எந்திரம் இணையத்திற் கண்டதைத் தகுதி ஆராயாது ஒப்பித்தது. பொறி தெறித்தால் என்ன ஆகும் என்பதை வாழ்வில் அறிந்த சிவகாசி வட்டாரத்துப் பெற்றோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. சிறுவர் தனித்திருக்கும் அறையில் பெட்டியை வைத்தலாகாது.

பண்பு குறித்தும் ஒரு சொல். 2019இல் யுனெஸ்கோ வெளியிட்ட அறிக்கை, இவ்வுதவியாளர்கள் பெண்குரலிலேயே பணிந்து பேசுமாறு அமைக்கப்படுவதைச் சுட்டி, ஏவல் கேட்பது பெண்ணின் இயல்பு என்னும் எண்ணத்தை இது வளர்க்கும் என்று எச்சரித்தது. தமிழில் ‘போடு’ என்பதற்கும் ‘போடுங்கள்’ என்பதற்கும் இடையே ஒரு பண்பாடே அடங்கியுள்ளது. நாள்தோறும் ஒரு பெண்குரலை நோக்கி ‘போடு, நிறுத்து, சொல்லு’ என்று ஏவிப் பழகும் நா, தாயிடமும் பாட்டியிடமும் அவ்வாறே திரும்பக்கூடும். 2018இல் அமேசானும் கூகுளும், மரியாதையோடு கேட்கும் குழந்தைகளைப் பாராட்டும் ஏற்பாட்டை ஆங்கிலத்தில் அமைத்தன. தமிழில் அவ்வேற்பாடு வீட்டாரின் பொறுப்பே.

முதியோர்க்கும் பார்வையற்றோர்க்கும் இக்கருவி தரும் நன்மை பெரிது. மருந்து உண்ணும் நேரத்தை நினைவூட்டல், விளக்கையும் மின்விசிறியையும் இயக்கல், மகனைத் தொலைபேசியில் அழைத்தல் ஆகியவை அவர்க்குத் தற்சார்பை அளிக்கும். விளக்கை இயக்க அதற்கேற்ற மின்குமிழோ மின்செருகியோ தனியே வாங்கவேண்டும். இவ்வகைப் பெட்டிகள் பெரும்பாலும் மின்சாரமும் இணையமும் இன்றி இயங்கா என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். அவசரத்திற்கு இதனை மட்டுமே நம்பியிருத்தல் கூடாது.

வாங்குமுன் ஒரு சோதனை

விலை வகையில் எக்கோ, கூகுள் ஆகியவற்றின் சிறிய பெட்டிகள் எளியோர்க்கு எட்டுவன. எவ்வகைக் கைப்பேசியோடும் இணைவன. ஹோம்பாட் விலை மிக்கது. ஐபோனோ ஐபாடோ இல்லாத வீட்டில் அதனை அமைக்கவே இயலாது. எதனை வாங்குவதாயினும், கடையிலோ நண்பர் வீட்டிலோ கீழ்வரும் தொடர்களை வீட்டின் மூத்தவர் வாயாற் சொல்லச் செய்து சோதித்தல் நலம்.

1. “நாளைக்குச் சிவகாசியில மழை வருமா?”
2. “காலையில அஞ்சே முக்காலுக்கு எழுப்பிவிடு.”
3. “சாமான் சீட்டுல ரெண்டு கிலோ துவரம்பருப்பும் அரைக்கிலோ வத்தலும் சேத்துக்கோ.”
4. “அத்தாவுக்குப் போன் போடு.”
5. “சூலக்கரையில இன்னைக்கு மஃரிப் எத்தனை மணிக்கு?”

முதல் தொடர் இடப்பெயரையும், இரண்டாவது ‘முக்கால்’ என்னும் பின்னத்தையும், மூன்றாவது அளவையையும் பட்டியலையும், நான்காவது உறவுப்பெயரையும், ஐந்தாவது ஊரையும் வணக்க நேரத்தையும் சோதிக்கும். வெயிலில் உலர்த்தும் தொழிலை நம்பி வாழும் நம் வட்டாரத்தில் முதல் வினா வெறும் வினாவன்று. ஒரு நாட்கூலியின் வினா. ஐந்தனுள் மூன்றற்கேனும் தமிழ்ச்சொல்லைக் கேட்டு உரிய விடை தராத பெட்டியை இசை கேட்கும் பெட்டியாக மட்டுமே மதிப்பிடுக. அவ்வளவிற்கே விலையும் கொடுக்க. அதே தொடர்களை முதலில் உங்கள் கைப்பேசியிடம் தமிழிற் சொல்லிப் பாருங்கள். அது விடை தருமாயின், இப்போதைக்கு உங்கள் வீட்டிற்குப் புதிய பெட்டி வேண்டாமலே போகலாம்.

மாணவர்க்கு ஒரு பணியும் உண்டு. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஏஐ4பாரத் ஆய்வுக்குழுவும், 2022இல் நடுவண் அரசு தொடங்கிய ‘பாஷிணி’ திட்டமும் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளின் பேச்சுப்பதிவுகளைத் திரட்டி வருகின்றன. மொசில்லா அமைப்பின் ‘காமன் வாய்ஸ்’ தளத்தில் எவரும் தம் குரலை விரும்பி வழங்கலாம். விருதுநகர் வட்டாரத்துப் பேச்சும், நம் இல்லங்களில் வழங்கும் சொற்களும் இத்தகு தொகுப்புகளில் இடம்பெற்றாலன்றி, நாளைய எந்திரம் அவற்றை அறிய வழியில்லை. தம் குரலைத் தாமே அறிந்து தருவது கொடை; அறியாமற் பறிகொடுப்பது இழப்பு. இவ்வேறுபாட்டை உணர்ந்து செயற்படுதல் தமிழ் பயிலும் மாணவர் கடனாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுவன இவை. விலைக்கும் எளிமைக்கும் எக்கோவும் கூகுள் பெட்டியும் முற்படுகின்றன. ஒலிவாங்கியை அடைக்கும் விசை வகையிலும் அவையே எளியன. பதிவுகளைக் காக்கும் ஏற்பாட்டில் ஆப்பிள் மேம்பட்டு நிற்கிறது. அதன் விலையோ பலர்க்கு எட்டாதது. தமிழறிவு என்னும் தலையாய அளவுகோலில் பெட்டிகள் மூன்றும் கைப்பேசிக்குப் பின்னேயே நிற்கின்றன.

பாட்டு கேட்க ஒரு பெட்டி வேண்டுமெனின் வசதிக்கேற்ப வாங்குக. வீட்டை ஆள ஒரு துணை வேண்டுமெனின், பாட்டி தம் தமிழில் “விளக்கை அணை” என்று சொல்ல, அணைக்கும் பெட்டி வரும்வரை பொறுத்திருக்க. அதுவரை விளக்கை அணைக்கப் பேரப்பிள்ளைகள் எழுந்து செல்லட்டும். அதனால் அவர்க்குக் குறைவொன்றும் இல்லை.

எழுத்தில்லா ஒலிக்கு எழுத்துப் படைத்துத் தம் தமிழைக் காத்தோர் வழிவந்த நாம், நம் ஒலியை அறியாத கருவியின் பொருட்டு நம் ஒலியைக் கைவிடுதல் தகாது. கருவிகள் ஆண்டுக்கு ஒன்றாக மாறும். வீட்டில் பேசும் தமிழோ தலைமுறைக்கு ஒருமுறையே கைமாறுகிறது. அக்கைமாற்றம் நழுவாமற் காப்பதே நம் முதற்கடமை.